பேயை வரைவதற்கு முன் மண்ணெண்ணெயை அளந்து வையுங்கள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கணினித்துறை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. சர்வைவல் ஹொரர் எனப்படும் வகையில், அதாவது ஆபத்துகள் நிறைந்த ஓர் இடத்தில் சொற்பப் பொருட்களோடு உயிர் பிழைத்து வெளியேற வேண்டிய திகில் விளையாட்டுகளில், சிலவற்றை அவர் விடிய விடிய விளையாடியிருக்கிறார். வேறு சிலவற்றை ஒரு மணித்தியாலத்திலேயே மூடி வைத்திருக்கிறார். இரண்டிலும் இருட்டு வீடும் நடைபிணங்களும் இருக்கும்போது, ஆளைப் பிடித்து வைப்பது எது என்பது அவருடைய முதல் கேள்வி. மூடுபனிக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு துரை பங்களாவை, அதாவது தோட்ட முகாமையாளரின் வீட்டை, வைத்துத் தானே ஒரு சிறிய விளையாட்டைச் செய்ய நினைப்பதால், பேயை எவ்வளவு பயங்கரமாக வரைய வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

பேயை வரையும் வேலையைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள், தம்பி. இந்த வகை விளையாட்டு ஒருவரை நாற்காலியில் கட்டிப்போடுவதற்குக் காரணம், தன் கையில் மிச்சமிருக்கும் சொற்பத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை, நிலைமை அரைகுறையாகவே தெரிந்திருக்கும்போது, அவரே தீர்மானிக்க வேண்டியிருப்பதும், அந்தத் தீர்மானம் பிறகு மணிக்கணக்காக அவரைத் தொடர்ந்து வருவதும்தான். இருட்டு, இரத்தம், இசை, பேய் ஆகிய யாவும் அந்தத் தீர்மானத்தின் கனத்தைக் கூட்டுவதற்காக வந்து சேர்பவை. அவற்றை மட்டும் வைத்து ஓர் அலறலை வாங்கலாம். மறுநாள் மாலையும் அதே ஆளைத் திரும்ப வரவழைக்க முடியாது.

இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்த இடம் பண்டாரவளையில் ஒரு சிறு கடை. 2000ஆம் ஆண்டுக்குப் பின் சில வருடங்கள், இரண்டு பிளேஸ்டேஷன்களை வைத்து, அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாட விட்டேன். சனிக்கிழமைகளில் டியூஷன் முடிந்ததும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த பையன்கள் ஒரு நாற்காலிக்குப் பின்னால் பத்துப் பேராக நிற்பார்கள். நிமிடத்துக்கொரு தடவை ஏதாவது பாய்ந்து வரும் விளையாட்டைப் போட்டால் கடையே அலறும், ஆனால் மூன்றாவது நாள் அதைக் கேட்க ஆள் இருக்காது. நடைபிணங்கள் திரியும் ஒரு மாளிகைக்குள் நடக்கும் ரெசிடென்ட் ஈவிலைப் போட்டால் சத்தமே இருக்காது. பின்னால் நிற்பவன் மெதுவாக, "டேய், இன்னும் ஏழு குண்டுதான் இருக்கு, சுடாத, சுத்திப் போ" என்பான். அதை இரண்டு மாதம் விடாமல் கேட்டார்கள். அறைகளின் வரைபடத்தையும் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பதையும் சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பாடத்தை அவ்வளவு அக்கறையாக எழுதியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஜப்பானில் கேப்கொம் நிறுவனம் ஷின்ஜி மிக்காமியின் இயக்கத்தில் 1996இல் வெளியிட்ட அந்த முதலாவது ரெசிடென்ட் ஈவில்தான் சர்வைவல் ஹொரர் என்ற பெயரையே உலகெங்கும் பரப்பியது. 1989இல் வந்த ஸ்வீட் ஹோம், 1992இல் பிரான்சிலிருந்து வந்த அலோன் இன் த டார்க் ஆகியவை அதற்கு முன்னோடிகள் என்றாலும், கையிருப்புக் கணக்கை இவ்வளவு இறுக்கமாகக் கட்டியது அதுதான். அதில் கிறிஸ் என்ற பாத்திரத்தை எடுத்தால் ஆறு பொருட்களையும், ஜில்லை எடுத்தால் எட்டுப் பொருட்களையும் மட்டுமே சுமக்கலாம். துப்பாக்கிக்கு ஓர் இடம், அதன் தோட்டாக்களுக்கு ஓர் இடம், காயம் ஆற்றும் மூலிகைக்கு ஓர் இடம் போய்விட்டால், சாவிகளுக்கும் புதிர்ப் பொருட்களுக்கும் எஞ்சுவது மிகக் கொஞ்சம். போதாக்குறைக்கு, ஆட்டத்தைச் சேமித்து வைப்பதற்கே ஆங்காங்கே உள்ள தட்டச்சு இயந்திரங்களில் மை நாடாவைப் பயன்படுத்த வேண்டும். அந்த நாடாவும் அளவாகத்தான் கிடைக்கும், அதுவும் சுமையில் ஓர் இடத்தைப் பிடிக்கும். எத்தனையோ விளையாட்டுகளில் இலவசமாகக் கிடைக்கும் மன அமைதியை இங்கே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இன்னும் இரண்டு அறைகளைத் தாண்டிப் போய்ச் சேமிக்கலாமா, இப்போதே சேமித்துவிடலாமா என்று ஒரு பையன் பத்து நிமிடம் யோசித்து நின்றதையும், அவன் வாங்கிய அரை மணித்தியாலம் அதற்குள் கரைந்து போனதையும் பார்த்திருக்கிறேன். கடைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை.

இந்தக் கணக்கை இன்னும் குரூரமாக்கிய ஒரு யோசனை, 2002இல் கேம்கியூப் கருவிக்காக அதே விளையாட்டைப் புதிதாகச் செய்தபோது சேர்க்கப்பட்டது. அதில் சுட்டு வீழ்த்திய நடைபிணத்தின் தலை சிதறாமலும் உடலை எரிக்காமலும் விட்டுவிட்டால், சிறிது காலம் கழித்து அது முன்னைவிட வேகமும் மூர்க்கமும் கொண்டதாக எழுந்து வரும். எரிப்பதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதைச் சுமக்கும் குடுவை கொஞ்சமே கொள்ளும். மண்ணெண்ணெயும் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே ஒன்றைச் சுடுவதற்கு முன்னரே, இந்த நடைவழியில் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்குமா, இதைக் கொன்றால் எரிக்க வசதியுண்டா, கொல்லாமலே ஒதுங்கிப் போக முடியுமா என்றெல்லாம் யோசிக்க வேண்டும். வெற்றியே ஒரு தவணைக் கடனாக மாறிவிடுகிறது. எதிரியின் உருவத்தில் அதிகம் மாற்றமில்லாமலே பயம் பல மடங்கு ஏறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2013இல் வந்த த லாஸ்ட் ஒஃப் அஸ் வேறொரு வழியில் அதே இடத்தைத் தொடுகிறது. காயத்துக்குக் கட்டும் மருந்துக் கட்டும் எதிரிகள் மீது எறியும் தீக்குண்டும் அதில் ஒரே பொருட்களால், மதுசாரத்தாலும் கந்தல் துணியாலும், செய்யப்படுகின்றன. இருப்பது ஒரு போத்தல் என்றால், அது உங்கள் உடம்புக்கா அவர்கள் உடம்புக்கா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்; நீங்கள் முதுகுப் பையைத் திறந்து அதைச் செய்துகொண்டிருக்கும்போது உலகம் நின்று காத்திருப்பதும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பற்றாக்குறை உண்மையில் இருப்பதைவிட அதிகமாக உணரப்பட வேண்டும். என் கடையில் ரெசிடென்ட் ஈவிலை முடித்த பையன்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டத்துக்குள் பொருட்களைப் போட்டு வைக்கும் பெட்டியில் கடைசியில் பயன்படுத்தாத தோட்டாக்கள் நிறையக் கிடந்தன. "நாளைக்குத் தேவைப்படும்" என்று பயந்து பயந்து சேர்த்தவை. ஆட்டம் அவர்களை முற்றாக வறுமைப்படுத்தவில்லை, வறுமை வந்துவிடும் என்று நம்ப வைத்தது. உண்மையாகவே எல்லாவற்றையும் பறித்துவிட்டால் விளையாடுபவர் பயப்பட மாட்டார், சலித்துப்போய் எழுந்து போவார். 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 இதற்காகவே, விளையாடுபவர் அடிக்கடி தோற்கிறாரா, நன்றாகச் சமாளிக்கிறாரா என்பதைப் பார்த்து எதிரிகளின் மூர்க்கத்தையும் கிடைக்கும் பொருட்களையும் திரைக்குப் பின்னால் கூட்டிக் குறைத்தது. இப்படி மறைவில் சலுகை கொடுப்பது விளையாடுபவருக்குத் தெரியாத வரையில் நல்லது. தெரிந்த அன்று அவர் வேண்டுமென்றே தோற்கத் தொடங்குவார்.

கையிருப்பு என்றவுடன் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நினைவுக்கு வராமல் போகாது. நாள்தோறும் பல மணித்தியாலம் மின்சாரம் நின்ற அந்த மாதங்களில், மண்ணெண்ணெய் வரிசையில் நின்று வாங்கிய போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மட்டம் பார்த்தவர்கள் நாம். விளக்கைத் தணித்து வைத்தால் பிள்ளை படிக்க முடியாது, தூண்டி விட்டால் நாளைக்கு இல்லை. சுவீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட அம்னீஷியா: த டார்க் டிசென்ட் என்ற விளையாட்டின் உயிர்நாடி விளக்குக்கு எரிக்கும் எண்ணெயின் இதே கணக்குத்தான். அதில் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் பாத்திரத்தின் சித்தம் கலங்கத் தொடங்கும். விளக்கை ஏற்றினால் எண்ணெய் கரையும், எதிரியின் கண்ணிலும் படலாம். எதிரியை நேராகப் பார்ப்பதுகூடச் சித்தத்தைக் கலக்கும் என்பதால், ஆபத்து அருகில் இருக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. இருட்டும் வெளிச்சமும் இரண்டுமே செலவாகும் அந்த அமைப்பைப் பல தடவை திரும்பத் திரும்பப் பாருங்கள், உங்கள் பங்களாவுக்கு அதிலிருந்து எடுக்க நிறைய உண்டு.

அடுத்தது அரைகுறை அறிவு. முழுதும் தெரிந்த ஆபத்தில் பயம் குறைந்து திட்டம் வந்துவிடும்; எதுவுமே தெரியாவிட்டால் விளையாடுபவர் குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பி நடப்பார். பிடிப்பு இருப்பது இரண்டுக்கும் நடுவில். கொனாமி நிறுவனம் 1999இல் வெளியிட்ட சைலன்ட் ஹில்லில் ஓர் அமெரிக்க ஊர் முழுவதையும் மூடுபனி மூடியிருக்கும். பிளேஸ்டேஷனின் வலுவுக்குத் தூரத்துத் தெருக்களை வரைந்து காட்ட முடியாத குறையை மறைக்கவும் அந்தப் பனி உதவியது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. குறையை மறைக்க வந்த பனியே அந்த விளையாட்டின் அடையாளமாகிவிட்டதற்கு, அதனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சிறு வானொலிப் பெட்டி ஒரு முக்கிய காரணம். ஏதாவது நெருங்கும்போது அது இரையும். இருக்கிறது என்பது தெரியும். எந்தப் பக்கத்தில், எத்தனை, எப்படிப்பட்டது என்பவை தெரியாது. உங்கள் கையில் இருக்கும் குழாய்த் துண்டை ஓங்குவதா, ஓடுவதா, ஓடினால் எந்தத் திசைக்கு என்ற கேள்வி அந்த இரைச்சலோடு பிறந்துவிடுகிறது.

நானுஓயாவிலோ பொகவந்தலாவையிலோ வளர்ந்த ஒருவருக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயந்தரம் பனி இறங்கிய பின் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வரும்போது, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து நாய்கள் குரைக்கும் விதம் திடீரென்று மாறினால் சிறுத்தை இறங்கியிருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிறுத்தை பெரும்பாலும் மனிதரை விட்டு ஒதுங்கிப் போகும் பிராணி என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கால் தயங்குகிறது, ஏனென்றால் நாயின் குரல் வானொலி இரைச்சலைப் போலப் பாதிச் செய்தியை மட்டுமே தருகிறது. இந்த அனுபவத்தை வைத்திருக்கும் நீங்கள் அமெரிக்க நகரத்துப் பனியைக் கடன் வாங்கத் தேவையில்லை.

கண்ணுக்குக் கொடுப்பதைக் குறைத்துக் காதுக்குக் கொடுப்பதைக் கூட்டுவதன் பலனை முதலாவது ரெசிடென்ட் ஈவிலின் அசையாத கெமராக் கோணங்களும் காட்டின. நடையின் திருப்பத்துக்கு அப்பால் இழுபடும் கால்களின் ஓசை கேட்கும். ஆனால் நீங்கள் அங்கே போய் நின்றால்தான் கெமரா அந்தப் பக்கத்தைக் காட்டும். 2001இல் டெக்மோ வெளியிட்ட ஃபேட்டல் ஃபிரேம் இதை நேர் எதிராகத் திருப்பியது. அதில் ஆவிகளை விரட்டும் ஆயுதம் ஒரு பழைய புகைப்படக் கருவி. ஆவி மிக அருகில் வந்து தாக்கப்போகும் கணத்தில் படம் பிடித்தால்தான் அதிகப் பலன் கிடைக்கும். ஓட வேண்டும் என்று உடம்பு துடிக்கும் வேளையில் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று பொறுத்து நிற்பவருக்கே பலன். பயத்தை இன்னும் சில விநாடி சகித்துக்கொள்வதே அங்கே செலவு.

எதிரியைப் பற்றி இப்போது பேசலாம். எதிரி எப்படி இருக்கிறது என்பதை விட, எதன்படி நடக்கிறது என்பது முக்கியம். 2014இல் கிரியேட்டிவ் அசெம்பிளி செய்த ஏலியன்: ஐசோலேஷனில் அந்த ஒற்றை வேற்றுக்கிரக விலங்கை இரண்டு அடுக்குகள் இயக்குகின்றன. மேலடுக்குக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். அது விலங்கைப் பொதுவாக அந்தப் பக்கத்துக்கு அனுப்பும், நெருக்கடி அதிகமானால் சிறிது தூரம் விலக்கியும் வைக்கும். கீழடுக்கான விலங்குக்கு உங்கள் இடம் தெரியாது. அது தன் கண்ணாலும் காதாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளையாடுபவர் அலுமாரிக்குள் ஒளிந்திருக்கும்போது அது முன்னால் வந்து மோப்பம் பிடிப்பதுபோல் நிற்பது அநியாயமாகத் தோன்றாததற்குக் காரணம் இந்தப் பிரிப்புத்தான். அது ஏமாற்றவில்லை, தேடுகிறது என்று நமக்குப் படுகிறது. சேமிக்கும் இடத்தில் அட்டையைச் செருகிக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில்கூட அது வந்து கொன்றுவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மை நாடாவின் பேரப்பிள்ளையை அங்கே காணலாம்.

2019இல் மறுபடி செய்யப்பட்ட ரெசிடென்ட் ஈவில் 2இல் மிஸ்டர் எக்ஸ் என்ற நெடிய உருவத்தின் காலடிச் சத்தம் மேல்மாடியிலிருந்து கேட்கும். சத்தத்தை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கணிக்கப் பழகிக்கொள்ளலாம். அதைக் கொல்ல முடியாது, சிறிது நேரம் முழங்காலிட வைக்கலாம், அதற்கும் தோட்டா செலவு. கற்றுக்கொள்ளக் கூடிய ஒரு விதி இருந்து, அந்த விதியைக் கற்ற பின்னும் முழு நிம்மதி கிடைக்காமல் இருந்தால், விளையாடுபவர் செத்தாலும் "என் பிழை" என்று சொல்லி மறுபடி தொடங்குவார். "இது அநியாயம்" என்று அவர் சொன்னால் பிடிப்பு அன்றோடு போயிற்று.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகை நீண்டு பரந்த நிலப்பரப்பைவிட ஒரே வீட்டில் நன்றாக வளரும். ஒரே நடையைப் பத்துத் தடவை கடக்கும்போது, முதல் தடவை அது தெரியாத இடம், மூன்றாம் தடவை பழகிய இடம், ஆறாம் தடவை அங்கே ஒரு கண்ணாடி உடைந்து கிடக்கிறது. வீட்டை மனப்பாடமாக அறிந்தவருக்கே அந்தக் கண்ணாடி பயத்தைத் தரும். மெல்லிய இசையோடு ஒரு காப்பான அறையும் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கிருந்து கதவைத் திறந்து வெளியே போக வேண்டிய கணத்துக்காகவே அந்த அறை அவசியம்.

திடீரென்று எதையாவது பாய விட்டுத் திடுக்கிட வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது உடம்பின் அனிச்சை. நாலைந்து தடவைக்குள் உடம்பு பழகிவிடும். உப்பைப் போல் அளவாகப் போடலாம். கதையும் அப்படித்தான், எழுதி வாசிக்கக் கொடுக்கும் கதையைவிட விளையாடுபவரின் நடத்தையிலிருந்து எடுக்கும் கதைக்கு வலு அதிகம். 2001இல் வந்த சைலன்ட் ஹில் 2, நீங்கள் காயத்தோடு மருந்து போடாமல் எவ்வளவு நேரம் திரிகிறீர்கள், இன்னொரு பாத்திரம் கொடுத்த கத்தியை எடுத்துப் பார்த்தீர்களா என்பதையெல்லாம் சத்தமில்லாமல் கவனித்து, அதற்கேற்ற முடிவுக்கு உங்களைக் கொண்டுபோகும். கணக்கெடுக்கப்படுகிறோம் என்பதே தெரியாமல் நடந்த ஒரு கணக்கு அது.

இனி உங்கள் துரை பங்களா. சொந்த நாட்டுக் கதையையும் நம்பிக்கையையும் வைத்து உலகம் கவனித்த விளையாட்டுகளை வேறு ஆசிய நாடுகள் செய்திருக்கின்றன. 2014இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த டிரெட்அவுட்டும், இராணுவச் சட்டக் காலத்துப் பாடசாலை ஒன்றை வைத்து 2017இல் தாய்வானிலிருந்து வந்த டிடென்ஷனும் தேடிப் பார்க்கத் தக்கவை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். தொழிற்சாலையோடு சேர்ந்த ரோதமுனியையும் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து வேலையோடு சேர்ந்த கவ்வாத்துச்சாமியையும் நம் சனங்கள் காவலாக வைத்துக் கும்பிடுகிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்து மிரளட்டும் என்பதற்காக அவர்களைப் பல்லைக் காட்டிப் பாயும் பிசாசாக்கிவிடாதீர்கள். காப்பான அறை வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்குப் பதிலாகப் பங்களாவுக்கு வெளியே மரத்தடியில் ஒரு சாமி கல்லை வைத்தால், விளக்கில்லாமலே அச்சமின்றி நிற்கக் கூடிய ஒரே இடமாக அது அமையும். அங்கே வருவதற்குப் பனிக்குள் இறங்கி நடக்க வேண்டும் என்பதே போதுமான விலை.

விளையாட்டின் மையத்தில் ஒரு லாந்தரை வையுங்கள். எண்ணெய் மட்டத்தைத் திரையின் மூலையில் இலக்கமாகக் காட்டாமல், லாந்தரைத் தூக்கிப் பார்த்தால் மட்டும் கண்ணாடிக்குப் பின் தெரியும்படி செய்யுங்கள். 2022இல் போத்தலைத் தூக்கிப் பார்த்த கை அதை உடனே புரிந்துகொள்ளும். நம் ஊர் ஈரத்தில் தீக்குச்சி நமத்துப் போகும் என்பதால், விளக்கை அணைத்து எண்ணெயை மிச்சப்படுத்துபவர் மறுபடி ஏற்ற முடியுமா என்ற சந்தேகத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். தூரத்தில் லயத்து நாய்கள் குரைக்கட்டும். அவை குரைக்கும் விதத்தை வைத்து ஆபத்தின் தூரத்தைக் கணிக்க விளையாடுபவர் பழகட்டும். அவர் நன்றாகப் பழகிய பிறகு மழையைக் கொட்ட விடுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது நாய்ச் சத்தம் எதுவும் கேட்காது என்பதைத் தோட்டத்துப் பிள்ளையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

முதல் வரைவில் பேயும் வேண்டாம், சிறுத்தையும் வேண்டாம். ஐந்து அறைகள், ஒரு லாந்தர், அரைப் போத்தல் மண்ணெண்ணெய், ஆறு தீக்குச்சிகள், நாய்களின் சத்தம், மழை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உங்கள் தங்கையிடமோ பக்கத்துக் காம்பராத் தோழனிடமோ கொடுத்துப் பின்னால் நின்று பாருங்கள். யாரும் துரத்தாமலே அவர்கள் நடையின் நடுவில் நின்று, யோசித்து, விளக்கைத் தாங்களாகவே அணைத்தார்கள் என்றால், அதற்குப் பிறகு பேயை வரையத் தொடங்கலாம்.